ஓடுவதற்கு முந்தைய பத்து நிமிடம்

72, 76, 80, 76, 84, 88, 72. ஒரு மாணவி என்னிடம் நீட்டிய நாடித்துடிப்பு அட்டவணையின் முதல் வரிசை இது, ஓய்வில் எடுத்தது. படி ஏறி இறங்கிய பிறகு எடுத்த இரண்டாம் வரிசை: 120, 132, 128, 116, 140, 136, 124. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். எல்லா எண்ணும் நான்கால் வகுபடுகிறது. பதினைந்து விநாடி நாடி பிடித்து எண்ணி, வந்ததை நான்கால் பெருக்கியிருக்கிறாள். ஊரே அப்படித்தான் எண்ணுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், "காலை உணவு சாப்பிட்டவர்களுக்கு நாடித்துடிப்பு சராசரியாக 3 கூடுதல்" என்று ஒரு முடிவு இருந்தது. எண்ணும்போது ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டாலும் விடையில் நான்கு குறைந்துவிடும். ஏழு பேரை வைத்துக்கொண்டு, அளவுகோலின் ஒரு கோட்டைவிடச் சிறிய வித்தியாசத்தின் மேல் ஒரு முடிவைக் கட்டியாயிற்று.

மாணவர் ஆய்வுகளில் "உடற்பயிற்சி உடலில் என்ன மாற்றம் செய்கிறது" என்பது சலிக்காத தலைப்பு. ஏன் என்று புரிகிறது. வேதிப்பொருள் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம், ஆளும் கடிகாரமும் இருந்தால் போதும். விடையும் கைவசம் இருக்கிறது: ஓடினால் இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி வசதிதான். விடை முன்கூட்டியே தெரிந்த கேள்விக்குச் சோதனை வைத்தால், எவ்வளவு மோசமாக அளந்தாலும் "சரியான" விடை வந்துவிடும். 75 எங்கே, 130 எங்கே? நடுவில் இருக்கும் அத்தனை பெரிய இடைவெளி எல்லா ஓட்டைகளையும் மூடிவிடுகிறது. கேள்வியைச் சற்றுக் கூர்மையாக்கினால், அதாவது எவ்வளவு கூடுகிறது, எத்தனை விநாடியில் இறங்குகிறது, ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்று கேட்கத் தொடங்கினால்தான் ஓட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அதனால் இந்தத் தலைப்போடு யார் வந்தாலும், என்ன பயிற்சி, எத்தனை நிமிடம் என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு ஓய்வைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். "ஓய்வில் இருக்கும்போது நாடி பார்ப்போம் சார்" என்பார்கள். ஓய்வு என்றால்? இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொன்னவர்கள் குறைவு.

வயது வந்தவர்களின் ஓய்வுநிலை நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பது புத்தகக் கணக்கு. நீண்டகாலம் பயிற்சி செய்த ஓட்டக்காரர்களுக்கு 40-களில்கூட இருக்கும். இதைப் படித்துவிட்டு, உயரம் போல ஒருவருக்கு ஓர் எண் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. படுத்திருப்பவர் எழுந்து நின்றாலே துடிப்பு பத்துக்கும் மேல் ஏறலாம். பரிசோதனைக்கு வந்தவர் மாடிப்படி ஏறி வந்திருப்பார், வயிறாரச் சாப்பிட்டிருப்பார், வழியில் நண்பர்களோடு சிரித்துப் பேசியிருப்பார். வந்ததும் கையைப் பிடித்து எண்ணினால் கிடைப்பது மாடிப்படியும் சாப்பாடும் அரட்டையும் கலந்த ஏதோ ஓர் எண். அதற்கு ஓய்வுநிலை என்று பெயர் சூட்டி அட்டவணையில் எழுதுகிறோம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அதற்கு இதயத்தின் உள்விவகாரம் கொஞ்சம் தெரிய வேண்டும். வலது மேலறையில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணுதான் துடிப்புக்குத் தாளம் போடுகிறது. நரம்புகளின் தலையீடே இல்லாமல் விட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதை நேரடியாகவே பார்க்கலாம். அறுவையின்போது நரம்பு இணைப்புகள் வெட்டப்படுவதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர்களுக்கு 90, 100 என்று துடிப்பு இருக்கும். நமக்கு 70 என்றால், வேகஸ் நரம்பு இடைவிடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். ஓடத் தொடங்கியதும் உடல் செய்யும் முதல் வேலை அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. அதற்கு நேரமே ஆகாது, ஓரிரு துடிப்புகளுக்குள் வேகம் கூடிவிடும். இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் பெரிய அளவில் வந்து சேர்வது அதன் பிறகு, உழைப்பு கூடக் கூட.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோக், யோஹானஸ் லிண்ட்ஹார்ட் இருவரும் 1913-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. பயிற்சி தொடங்கிய கணமே மூச்சும் துடிப்பும் எகிறுகின்றன. உழைக்கும் தசையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து போய்ச் செய்தி சொல்வதற்கு அந்த அவகாசம் போதாது. எனவே மூளை தசைக்கு உத்தரவு அனுப்பும்போதே இதயத்துக்கும் சுவாசத்துக்கும் சேர்த்து அனுப்பிவிடுகிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். (குரோக்குக்கு 1920-இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, தந்துகிகளைப் பற்றிய வேலைக்காக.)

இதிலிருந்து நம் சோதனைக்கு வரும் தொல்லை என்னவென்றால், பிரேக்கைத் தளர்த்த ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஓடப்போகிறோம் என்ற எண்ணமே போதும். ஷூ நாடாவைக் கட்டி, படிக்கட்டின் முன்னால் நின்று, சுற்றிலும் வகுப்பு வேடிக்கை பார்க்க, "ரெடியா?" என்று கேட்டபடி எடுக்கும் "பயிற்சிக்கு முன்" அளவீடு ஏற்கெனவே பாதி பயிற்சியில் இருக்கும் இதயத்தின் அளவீடு. கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது அதிகம் ஏறும், மேடைக்குப் பழகியவருக்குக் குறைவாக ஏறும். பிறகு முன்-பின் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்து, "இவருக்கு ஏற்றம் குறைவு, எனவே உடல்தகுதி அதிகம்" என்று எழுதுவோம். அளந்தது கூச்சத்தை.

ஆகவே பத்து நிமிடம் உட்காரவைக்கச் சொல்கிறேன். முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில், பேச்சில்லாமல், போன் இல்லாமல். கடைசி மூன்று நிமிடங்களில் நிமிடத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால் அது ஓய்வு. இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் உட்கார வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்யவைப்பதுதான் பெரும்பாடு. ஓடச் சொன்னால் ஓடிவிடுகிறார்கள், பத்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஓடுவதை வடிவமைக்க ஐந்து நிமிடம் போதும். உட்காருவதை வடிவமைக்க ஒரு வகுப்பு முழுவதும் போய்விடும்.

இதே ஓய்வுதான் கட்டுப்பாட்டுச் சோதனைக்கும் உயிர். முன்பும் பின்பும் அளந்துவிட்டால் கட்டுப்பாடு தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள், "முன்பு" என்பதே கட்டுப்பாடுதானே என்று. ஆனால் பயிற்சி எதுவும் செய்யாமல் அதே நேரம் உட்கார்ந்திருந்தாலும் எண் நகரும். பதற்றம் தணிந்து இறங்கலாம், வகுப்பு முடியும் நேரம் நெருங்கி ஏறலாம். வேறொரு நாளில் அதே ஆள், அதே அறை, அதே நேரம், அதே இடைவெளிகளில் அளவீடு, படி ஏறுவது மட்டும் இல்லாமல் ஒரு சுற்று எடுத்தால் அந்த நகர்வு எவ்வளவு என்று கையில் கிடைக்கும். "ஒன்றுமே நடக்காத சுற்று" என்று மாணவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. எனக்கு அந்தச் சுற்றுதான் முக்கியம்.

இனி எண்ணுவது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்துப் பார்க்க வேண்டும், கட்டைவிரலால் பார்த்தால் அதன் சொந்தத் துடிப்பு குழப்பிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கழுத்தில் பார்ப்பதாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. அழுத்தினால் அங்கிருக்கும் அழுத்த உணர்விகள் தூண்டப்பட்டுத் துடிப்பே குறைந்துவிடக்கூடும். அளக்கப்போன கையே அளவை மாற்றிவிடும். ஓய்வில் முழு நிமிடம் எண்ணுவது நல்லது. ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1707-இலேயே, நாடி எண்ணுவதற்கென்று சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றை அறிமுகப்படுத்தி எழுதினார். ஓய்வில் இருக்கும் நாடிக்கு அவர் வழி இன்றும் செல்லும்.

பயிற்சிக்குப் பிறகு அது செல்லாது. காரணம், நிறுத்திய கணத்திலிருந்து துடிப்பு சரசரவென்று இறங்குகிறது. பிரேக் மறுபடி மிதிபடுகிறது. முதல் நிமிடத்தில்தான் இறக்கம் மிக வேகம். 150-இல் தொடங்கி நிமிட முடிவில் 115-க்கு வந்துவிடும் ஒருவருக்கு முழு நிமிடம் எண்ணினால் வரும் எண் அந்த இரண்டுமல்ல, நடுவில் எங்கோ கிடக்கும் ஒரு சராசரி. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தொடக்கத்தில் சொன்ன சிக்கல். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிழை ஆறாகப் பெருகும்.

கணக்கைத் தலைகீழாகப் போடலாம். நேரத்தை நிர்ணயித்துத் துடிப்பை எண்ணாமல், துடிப்பை நிர்ணயித்து நேரத்தை அளப்பது. இருபது துடிப்புக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்சில் பார்த்தால், 9.2 விநாடி என்றால் நிமிடத்துக்கு 130. நேரத்தைப் பின்னத்தில் அளக்க முடியும், துடிப்பை அளக்க முடியாது, லாபம் அங்கேதான். பட்டனை அழுத்தும் கை 0.2 விநாடி பிசகினாலும் விடையில் இரண்டு சதவீதம்தான் ஆடும். ஒன்றே ஒன்று: பட்டனை அழுத்தும் துடிப்பைச் சுழியம் என்று எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் பத்தொன்பது இடைவெளியை அளந்துவிட்டு இருபதால் கணக்குப் போடுவோம், விடை எப்போதும் ஐந்து சதவீதம் கூடுதலாகவே வரும். எல்லோரும் ஒரே பக்கம் சாயும் இப்படிப்பட்ட பிழை சராசரி எடுத்தாலும் போகாது.

கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறதே, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே என்பார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவை தோலுக்குள் ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிப்பவை. கை ஆடினால் தடுமாறும், விரல் சில்லிட்டால் தடுமாறும், திரையில் காட்டுவதும் சில விநாடிகளின் சராசரி. வேகமாக இறங்கும் துடிப்பைத் துரத்தும்போது அந்தச் சில விநாடித் தாமதம் கணக்கில் வரும்.

பயிற்சிக்கு வருவோம். "வேகமாக ஓடு" என்பது அளவு அல்ல. "மூன்று நிமிடம் ஸ்கிப்பிங்" என்பதும் அல்ல, ஒருவர் நிமிடத்துக்கு எண்பது தாண்டுவார், இன்னொருவர் நூற்றிருபது. படி ஏறி இறங்குவதை நான் விரும்புவது அதில் வேலையைக் கணக்கிட முடியும் என்பதால். 50 கிலோ எடையுள்ளவர் 30 செ.மீ. படியில் நிமிடத்துக்கு 24 முறை ஏறினால், ஏறுவதற்கு மட்டும் ஆகும் வேலை நிமிடத்துக்குச் சுமார் 3,500 ஜூல், அதாவது 59 வாட். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 96 தட்டில் வைத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால்: மேலே, மேலே, கீழே, கீழே. மூன்று நிமிடம் போதும். தாளம் இருப்பதால் போட்டி மனப்பான்மையும் அடங்கிவிடும்.

இந்த முறைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1927 முதல் 1947 வரை இயங்கிய ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்தில் உருவானது ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட். 20 அங்குல உயரப் பலகை, நிமிடத்துக்கு 30 முறை, ஐந்து நிமிடம். இளைஞர்களைச் சலித்தெடுக்க வடிவமைத்த சோதனை அது, கடுமையானது. கால் குட்டையாக உள்ளவருக்கு 20 அங்குலம் ஏறுவது ஏறத்தாழ மலையேற்றம். அதை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை. ஆனால் அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. பயிற்சியின்போது துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதை அது கேட்கவில்லை. நிறுத்திய பிறகு ஒரு நிமிடம் கழித்து, இரண்டு நிமிடம் கழித்து, மூன்று நிமிடம் கழித்து முப்பது விநாடிகள் எண்ணி, எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்று பார்த்தது. ஆக, மறுபடியும் ஓய்வைத்தான் அளந்தது, ஓய்வுக்குத் திரும்பும் வழியை.

இந்தத் திரும்பும் வழியைப் பற்றி 1999-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு ஒன்று பெயர்பெற்றது. டிரெட்மில் சோதனை முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாக மட்டுமே இறங்கியவர்களிடம், அடுத்த ஆறு ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. இதைச் சொன்னதும் மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அதனால் உடனே சொல்லிவிடுவேன்: அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவர்கள் பரிசோதனைக்கு அனுப்பிய, பெரும்பாலும் நடுவயது தாண்டிய மனிதர்கள். சோதனையின் முறையும் வேறு. வகுப்பறைப் படியில் எடுத்த எண்ணை அதோடு ஒப்பிட்டு யாருக்கும் ஜாதகம் கணிக்கக் கூடாது.

யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது அடுத்த வம்பு. மாணவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது விளையாட்டு வீரர்களையும் மற்றவர்களையும். வீரர்களுக்கு ஓய்வுத் துடிப்பு குறைவு என்று வரும், "எனவே பயிற்சி துடிப்பைக் குறைக்கிறது" என்று எழுதுவார்கள். அது உண்மைதான், ஆனால் இந்தச் சோதனை அதைக் காட்டவில்லை. இயல்பிலேயே நல்ல இதயம் வாய்த்தவர்கள் விளையாட்டில் நிலைத்திருக்கலாம் அல்லவா?

இந்த இடத்தில் நான் தவறாமல் சொல்லும் கதை லண்டன் பேருந்துகளைப் பற்றியது. ஜெரெமி மோரிஸும் அவரது குழுவினரும் 1953-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. இரட்டைத்தளப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவு. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பப் பின்னணி, வேலையில் மட்டும் அசைவு வேறு. இதைவிட நேர்த்தியான ஒப்பீடு கிடைக்குமா என்று தோன்றும். ஆனால் அதே குழு மூன்றாண்டு கழித்து, பணியாளர்களுக்கு வழங்கிய சீருடைகளின் அளவுகளை எடுத்துப் பார்த்தது. இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் கால்சட்டைக்கு இடுப்பளவு பெரிதாக இருந்தது! வேலை அவர்களைப் பிரிப்பதற்கு முன்பே அவர்கள் கொஞ்சம் வேறுபட்ட மனிதர்களாக இருந்திருக்கிறார்கள். உடலுழைப்பு இதயத்துக்கு நல்லது என்ற மோரிஸின் கருத்து பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகளில் உறுதியானது. என்றாலும் தன் சொந்த முடிவைத் தானே தையல்காரர் கணக்கை வைத்துக் குடைந்து பார்த்த அந்தக் குணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆளோடு ஆளை ஒப்பிடும் தொல்லையே வேண்டாம் என்றால், ஒருவரை அவரோடே ஒப்பிடலாம். ஆள் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த படுக்கை ஓய்வு ஆய்வைச் சொல்வேன். இருபது வயதுள்ள ஆரோக்கியமான இளைஞர்கள், மொத்தமே ஐந்து பேர். மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார்கள். அதிகபட்ச உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் அளவு கால்பங்குக்கும் மேல் குறைந்துபோனது. பிறகு பல வாரப் பயிற்சியில் மீண்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை மறுபடி பரிசோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. ஐந்தே பேரை வைத்து இதைச் சொல்ல முடிந்தது, ஒவ்வொருவரும் தனக்குத் தானே அளவுகோலாக இருந்ததால். விளைவும் பெரியது என்பதால். காலை உணவால் மூன்று துடிப்பு கூடுகிறதா என்று கேட்பவருக்கு ஐந்து பேர் போதாது.

ஒருவரையே இரண்டு விதமாகச் சோதிக்கும்போது வரிசையைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறினால், இரண்டாவது சுற்றில் களைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பழக்கத்தால் பதற்றமும் குறைந்திருக்கும். நாணயத்தைச் சுண்டிப் போட்டு, பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிவிட்டால் இரண்டும் ஓரளவு சமன்படும். இடையில் ஓய்வுத் துடிப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் அடுத்த சுற்றைத் தொடங்கக் கூடாது.

நாடியைத் தவிர வேறு எதையாவது அளக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அளக்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொன்னாலே மூச்சின் லயம் மாறிவிடும். நாடி பிடித்த கையை விடாமல், கண்ணை மட்டும் மார்பின் மேல் வைத்து எண்ணும் செவிலியர்களின் பழைய உத்தி இதற்கு உதவும். உடல்வெப்பம் கூடும் என்று நினைத்து நெற்றியில் காட்டும் வெப்பமானியை எடுப்பார்கள். உள்ளே வெப்பம் கூடியிருக்கும், ஆனால் வியர்வை ஆவியாகி நெற்றியைக் குளிர்வித்திருக்கும், எண் குறைவாகவே வரலாம். "ஓடினால் உடல் குளிர்கிறது" என்ற முடிவைக் கண்டு திகைத்துப்போய் எண்ணை அழித்து எழுதுவதைவிட, அளந்தது தோலை, உள்ளுடலை அல்ல என்று எழுதினால் அது நல்ல அறிக்கை.

எல்லாவற்றிலும் சுவையான பள்ளம் புரோமோதைமால் ப்ளூ. நீல நிறக் கரைசலில் ஸ்ட்ராவால் ஊதினால், மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அமிலமாகி, கரைசல் பச்சையாகிப் பிறகு மஞ்சளாகும். (ஊதத்தான் வேண்டும், உறிஞ்சிவிடக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.) ஓய்வில் ஊதினால் நிறம் மாற நேரம் ஆகும், ஓடிவிட்டு ஊதினால் சட்டென்று மாறும். "பயிற்சிக்குப் பின் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு அதிகம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில் வெளிவிடும் மூச்சில் அதன் பங்கு ஓய்விலேயே சுமார் 4 சதவீதம், மிதமான உழைப்பில் அது கொஞ்சம்தான் நகர்கிறது. பெரிதாக மாறுவது மூச்சின் அளவு. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று வந்து போகிறது, கடும் உழைப்பில் 100 லிட்டரைத் தாண்டும். நிறம் வேகமாக மாறியதற்குக் காரணம் அதிகக் காற்றை ஊதியது. செறிவும் அளவும் ஒன்றாகக் கலந்த எண்ணை அளந்துவிட்டு ஒன்றின் பெயரை மட்டும் எழுதிவிடுகிறோம். ஒரே அளவுள்ள பையை ஓய்வில் ஒருமுறையும் ஓடியபின் ஒருமுறையும் மூச்சால் நிரப்பி, அந்தக் காற்றை மட்டும் கரைசலில் செலுத்தினால் இரண்டையும் பிரிக்கலாம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிப்போவதைப் பார்க்கும் மாணவரின் முகம் பார்க்க வேண்டிய ஒன்று.

கேள்வி எதுவும் தோன்றவில்லை என்பவர்களுக்கு நான் கொடுக்கும் கேள்வி: படி ஏறி முடித்ததும் நிற்பது, உட்காருவது, படுப்பது இவற்றில் எதில் துடிப்பு விரைவில் தணியும்? பார்க்க எளிது. படுத்தால் சீக்கிரம் இறங்கும் என்று எல்லோரும் ஊகிப்பார்கள், எண்ணும் அப்படித்தான் வரும். ஆனால் படுத்திருக்கும்போது ஓய்வுத் துடிப்பே குறைவு. நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறைவதால், அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே படுத்தவர் விரைவாகத் தணிந்தாரா, அல்லது அவர் போய்ச்சேர வேண்டிய இடமே கீழே இருந்ததா? மூன்று நிலைகளுக்கும் தனித்தனியாக ஓய்வு அளவீடு எடுத்து வைத்திருந்தால்தான் சொல்ல முடியும். இந்தக் கேள்வியிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. கடுமையாக உழைத்துவிட்டு அசையாமல் நின்றால் கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுவது நின்றுபோய்ச் சிலருக்குத் தலைசுற்றும், மயக்கம்கூட வரும். நிற்கும் சுற்றில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், உழைப்பும் மிதமாகவே இருக்க வேண்டும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, காய்ச்சல், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தால் படி ஏற வேண்டாம். அவர்கள் எண்ணுபவராக இருக்கலாம், அது குறைந்த வேலை அல்ல. இதைக் கூட்டத்தில் கேட்காமல் தனியே கேட்க வேண்டும். மார்பு வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் எதுவானாலும் அங்கேயே நிறுத்தம். வேண்டாம் என்று விலகுபவரிடம் காரணம் கேட்கக் கூடாது. எடையும் துடிப்பும் பெயரோடு சுவரில் தொங்கக் கூடாது, எண் போட்டு மறைத்துவிடலாம்.

வரைபடம் போடும்போது இரண்டு சராசரிக் கம்பங்களை நிறுத்திவிட்டுப் போய்விடாமல், ஆளுக்கு ஒரு கோடு வரையச் சொல்கிறேன், நிமிடம் நிமிடமாக. கம்பத்தில் எல்லோரும் ஒரே மனிதராகிவிடுகிறார்கள். கோட்டில்தான் ஒருவர் இரண்டு நிமிடத்தில் தரை தொடுவதும், இன்னொருவர் ஐந்து நிமிடமாகியும் பாதியில் நிற்பதும், மூன்றாமவர் மூன்றாவது நிமிடத்தில் திடீரென்று ஏறுவதும் தெரியும். ஏறியதற்குக் காரணம் அந்த நேரத்தில் யாரோ நகைச்சுவை சொன்னதாக இருக்கலாம். அளக்கும்போது ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புதான் அதைச் சொல்லும், நினைவு சொல்லாது.

கடைசியாக, அறிக்கைகளில் "மனிதப் பிழை இருந்திருக்கலாம்" என்று எழுதும் வழக்கத்தோடு எனக்குப் பகை. இருந்திருக்கலாம் என்ன, எவ்வளவு? அதை அளப்பதற்கு மலிவான வழி இருக்கிறது. ஒருவரை உட்காரவைத்து, இடது மணிக்கட்டை ஒருவரும் வலது மணிக்கட்டை இன்னொருவரும் பிடித்து, ஒரே சைகையில் தொடங்கி ஒரே சைகையில் முடித்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எண்ணை எழுதட்டும். இதயம் ஒன்றுதான். இரண்டு எண்ணும் வேறுபட்டால் அந்த வேறுபாடு முழுவதும் எண்ணியவர்களுடையது. ஓய்வில் பத்து முறை, படி ஏறிய பிறகு பத்து முறை இப்படிச் செய்து வித்தியாசங்களை அட்டவணையாக்கினால், நம் கையும் காதும் கடிகாரமும் சேர்ந்து எவ்வளவு தடுமாறும் என்பதற்கு ஓர் எண் கிடைத்துவிடும். ஓடிய பிறகு அது பெரிதாக இருக்கும், வேகமான நாடியைப் பின்தொடர்வது கடினம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த எண்ணை எழுதச் சொல்கிறேன், மற்ற எண்களுக்கு முன்னால்.